கோபத்தின் விலை: தண்டனை இழப்பீடு எப்போது நியாயம்?

1990 ஜனவரியில் அமெரிக்காவின் அலபாமா மாநிலம், பர்மிங்ஹாம் நகரில் ஒரு மருத்துவர் கறுப்பு நிற பி.எம்.டபிள்யூ. கார் ஒன்றை 40,750 டாலருக்கு வாங்கினார். ஒன்பது மாதம் ஓட்டினார். எந்தக் குறையும் கண்ணில் படவில்லை. வண்டியை இன்னும் பளபளப்பாக்கலாம் என்று பாலிஷ் போடும் கடைக்குக் கொண்டுபோனபோது, அது ஏற்கெனவே மறுபெயின்ட் அடித்த வண்டி என்பதைக் கடைக்காரர்தான் கண்டுபிடித்தார். ஜெர்மனியிலிருந்து வரும் வழியில் அமில மழை பட்டு மேற்பூச்சு கெட்டிருக்க வேண்டும். 601 டாலர் செலவில் அதைச் சரிசெய்து, புது வண்டி என்றே விற்றிருந்தார்கள். பழுது பார்த்த செலவு வண்டியின் விலையில் 3 சதவீதத்துக்குள் இருந்தால் டீலரிடம்கூடச் சொல்ல வேண்டியதில்லை என்பது 1983 முதல் அந்த நிறுவனத்தின் நடைமுறை.

மருத்துவர் வழக்குப் போட்டார். மறுபெயின்ட் அடித்த வண்டியின் மதிப்பு பத்து சதவீதம் குறையும் என்று சாட்சியம் சொல்லப்பட்டது. ஜூரி 4,000 டாலர் இழப்பீடு கொடுத்தது. அதற்கு மேல் தண்டனையாக 40 லட்சம் டாலர் விதித்தது. நாடு முழுவதும் இதேபோல் ஏறத்தாழ ஆயிரம் வண்டிகள் விற்கப்பட்டிருந்தன. ஆயிரத்தை நாலாயிரத்தால் பெருக்கினால் வருகிற தொகை அது. அதே அலபாமாவில், அதே நிறுவனத்தின்மீது, அதே வகைப் புகாருடன் இன்னொரு மருத்துவரும் வழக்குத் தொடர்ந்திருந்தார். அங்கே வேறொரு ஜூரி 4,600 டாலர் இழப்பீடு கொடுத்தது. தண்டனையாக ஒரு சென்ட்கூட விதிக்கவில்லை.

வாதிக்கு ஏற்பட்ட நட்டத்தை ஈடுகட்டுவது இழப்பீடு. பிரதிவாதியைத் தண்டிக்கவும், அவரும் அவரைப் போன்றவர்களும் மறுபடி அதைச் செய்யாமல் தடுக்கவும் அதற்கு மேல் விதிக்கப்படுவது தண்டனை இழப்பீடு. இது நியாயமா என்ற கேள்வியைப் பெரும்பாலும் தொகையின் பருமனை வைத்தே கேட்கிறார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1990களிலிருந்து அப்படித்தான் கேட்டுவந்திருக்கிறது. நட்டத்துக்கும் தண்டனைக்கும் இடையிலான விகிதத்தை முக்கிய அளவுகோலாக்கியது. அந்த அளவுகோல் தவறானது என்பதே இக்கட்டுரையின் வாதம். தண்டனையின் அளவைத் தீர்மானிக்க வேண்டியது தவறு செய்தவர் போட்ட கணக்கு. பாதிக்கப்பட்டவரின் நட்டம் அதில் ஒரு பகுதி மட்டுமே.

ஆறு மணி நேரக் காவலும் முந்நூறு பவுண்டும்

தண்டனை இழப்பீடு அமெரிக்காவில் பிறந்ததல்ல. 1763இல் இங்கிலாந்தில் ஜான் வில்க்ஸ் நடத்திய ‘நார்த் பிரிட்டன்’ இதழின் 45ஆவது எண் மன்னரின் உரையைத் தாக்கி எழுதியது. அரசு ஆத்திரமடைந்தது. யார் பெயரும் குறிப்பிடாத பொது வாரன்ட் ஒன்றை வைத்துக்கொண்டு அச்சகத்தில் இருந்தவர்களையெல்லாம் பிடித்தார்கள். பிடிபட்டவர்களில் ஒருவர் வாரம் ஒரு கினி சம்பளம் வாங்கிய அச்சுத் தொழிலாளி. அவரைக் காவலில் வைத்தது ஏறத்தாழ ஆறு மணி நேரம். அடிக்கவில்லை, மாட்டிறைச்சியும் பீரும் கொடுத்து மரியாதையாகவே நடத்தினார்கள். அவர் வழக்குப் போட்டபோது ஜூரி 300 பவுண்டு கொடுத்தது.

தொகை அதிகம் என்று அரசுத் தரப்பு முறையிட்டது. தனிப்பட்ட நட்டத்தை மட்டும் பார்த்தால் 20 பவுண்டு போதுமாயிருக்கலாம் என்பதைத் தலைமை நீதிபதி பிராட் ஒப்புக்கொண்டார். இவரே பின்னாளில் கேம்டன் பிரபு. ஆனால் பெயரில்லாத வாரன்டைக் கொண்டு குடிமகனின் வீட்டுக்குள் நுழையும் அதிகாரத்தை ஜூரி பார்த்தது, அதற்கு உதாரணமாக இழப்பீடு கொடுத்தது சரியே என்று சொல்லி, தொகையைக் குறைக்க மறுத்தார். இந்தக் கருத்துதான் அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்கப் பொதுச்சட்டத்துக்குள் போனது.

இங்கிலாந்து பிறகு இதைக் கட்டுப்படுத்திக்கொண்டது. 1964இல் ‘ரூக்ஸ் எதிர் பார்னார்ட்’ வழக்கில் டெவ்லின் பிரபு, சட்டமே அனுமதிக்கும் இடங்கள் தவிர இரண்டே சூழல்களில் இது செல்லும் என்றார். ஒன்று, அரசு ஊழியர்கள் அதிகாரத்தைத் தான்தோன்றித்தனமாகப் பயன்படுத்தும்போது. இரண்டாவது, கொடுக்க வேண்டியிருக்கும் இழப்பீட்டைவிட லாபம் அதிகம் என்று கணக்குப் போட்டு ஒருவர் தவறு செய்யும்போது. ஐரோப்பாவின் உரிமையியல் சட்ட மரபு இதைப் பொதுவாக ஏற்கவில்லை. தண்டனை அரசின் வேலை, அது குற்றவியல் சட்டத்தைச் சேர்ந்தது என்பது அவர்கள் நிலை. கலிஃபோர்னியாவில் விதிக்கப்பட்ட தண்டனை இழப்பீட்டை நிறைவேற்ற ஜெர்மனியின் கூட்டாட்சி நீதிமன்றம் 1992இலும் ஜப்பானின் உச்ச நீதிமன்றம் 1997இலும் மறுத்தன.

அவர்களுடைய ஆட்சேபத்தில் பொருள் இருக்கிறது. குற்றவியல் வழக்கில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். ஒரே குற்றத்துக்கு இருமுறை தண்டிக்க முடியாது. அதிகபட்சத் தண்டனை சட்டப் புத்தகத்தில் முன்கூட்டியே அச்சாகியிருக்கும். உரிமையியல் வழக்கில் தண்டிக்கப்படுபவருக்கு இந்தப் பாதுகாப்புகள் முழுமையாக இல்லை. பல மாநிலங்கள் ‘தெளிவான, நம்பத்தக்க சான்று’ என்று நிரூபணத் தரத்தை உயர்த்தியிருக்கின்றன. ஆனாலும் ஒரே பொருளுக்காக ஒரு நிறுவனத்தைப் பத்து ஊர்களில் பத்து ஜூரிகள் தனித்தனியாகத் தண்டிப்பதற்கு வழி இருக்கவே செய்கிறது.

கோபம் ஒன்று, தொகை பல

ஜூரி அறையில் என்ன நடக்கிறது? உளவியலாளர் டேனியல் கானமன், சட்ட அறிஞர் காஸ் சன்ஸ்டைன், டேவிட் ஷ்கேட் ஆகிய மூவரும் 1998இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். டெக்சாஸில் ஜூரராகத் தகுதியுள்ள நூற்றுக்கணக்கானோரிடம் கற்பனை வழக்குகளைக் கொடுத்து, பிரதிவாதியின் செயல் எவ்வளவு மோசமானது, எவ்வளவு கடுமையாகத் தண்டிக்கப்பட வேண்டும் என்று மதிப்பெண் போடச் சொன்னார்கள். ஆண், பெண், ஏழை, பணக்காரர், வெள்ளையர், கறுப்பர் என்று எப்படிப் பிரித்துப் பார்த்தாலும் மதிப்பெண்கள் வியப்பூட்டும் அளவுக்கு ஒத்துப்போயின. எது அதிக அநியாயம், எது குறைந்த அநியாயம் என்பதில் கருத்து வேறுபாடு சிறிதே. அதே வழக்குகளுக்கு டாலரில் தொகை சொல்லுங்கள் என்றதும் ஒற்றுமை குலைந்தது. ஒருவர் சொன்னதற்கும் மற்றவர் சொன்னதற்கும் பெரிய இடைவெளி.

காரணம் எளிது. பத்துக்கு எத்தனை என்று கேட்டால் அளவுகோலின் இரு முனைகளும் தெரியும். எத்தனை டாலர் என்று கேட்டால் கீழ் முனை பூஜ்யம், மேல் முனை கிடையாது. முன் தீர்ப்புகளைப் பார்க்கும் வாய்ப்பும் ஜூரிக்கு இல்லை; முந்தைய வழக்குகளில் எவ்வளவு விதிக்கப்பட்டது என்பதைப் பொதுவாக அவர்களிடம் சொல்வதில்லை. சேர்ந்து விவாதித்தால் சமநிலை வரும் என்று நினைப்போம். அதே ஆய்வாளர்களின் பின்னாளைய சோதனையில் அதற்கு நேர்மாறாக நடந்தது: உறுப்பினர்கள் தனித்தனியே சொன்ன நடுத்தரத் தொகையைவிடக் குழுவாகக் கூடிச் சொன்ன தொகை பெரும்பாலும் கூடுதலாக இருந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இந்த ஆய்வு வரிசையின் ஒரு பகுதிக்குப் பணம் கொடுத்தது எக்ஸான் எண்ணெய் நிறுவனம். பின்னாளில் எக்ஸானின் வழக்கையே விசாரித்த உச்ச நீதிமன்றம், அந்தக் காரணத்தைச் சொல்லி இவ்வகை ஆய்வுகளை ஆதாரமாகக் கொள்ள மறுத்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் தியோடர் ஐசன்பெர்க்கும் சக ஆய்வாளர்களும் உண்மையான தீர்ப்புகளை எடுத்துப் பார்த்தபோது, ஜூரி விதிக்கும் தொகைக்கும் நீதிபதி விதிக்கும் தொகைக்கும் பெரிய வேறுபாடு தென்படவில்லை. அமெரிக்க நீதித்துறையின் புள்ளிவிவரப் பணியகம் 2005ஆம் ஆண்டின் மாநில நீதிமன்ற வழக்குகளை ஆராய்ந்தது. வாதி வென்ற வழக்குகளில் ஏறத்தாழ 5 சதவீதத்தில் மட்டுமே தண்டனை இழப்பீடு விதிக்கப்பட்டிருந்தது. அதன் இடைநிலைத் தொகை 64,000 டாலர். செய்தித்தாளில் வரும் கோடிகள் விதிவிலக்குகள்.

அந்த விதிவிலக்குகளும் முழுதாகக் கைக்கு வருவதில்லை. 1994இல் நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கி நகரில் மெக்டொனால்ட்ஸ் காபி கொட்டிக் காயமடைந்த 79 வயது மூதாட்டிக்கு 27 லட்சம் டாலர் தண்டனை இழப்பீடு விதிக்கப்பட்டதைக் கேலி செய்யாத அமெரிக்கத் தொலைக்காட்சி இல்லை. அவருக்கு மூன்றாம் நிலைத் தீக்காயம். தோல் ஒட்டு அறுவைசிகிச்சை. முதலில் அவர் கேட்டது சுமார் 20,000 டாலர். நிறுவனம் தர முன்வந்தது 800 டாலர். அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் சூடு பட்டதாக நிறுவனத்துக்கு வந்திருந்த புகார்கள் சுமார் 700. இவை கேலியில் இடம்பெறவில்லை. நீதிபதி 27 லட்சத்தை 4.8 லட்சமாகக் குறைத்ததும், பிறகு வழக்கு ரகசியமாகச் சமரசமானதும் இடம்பெறவில்லை.

ஆக, ஜூரிகள் கண்மூடித்தனமாகக் கோடிகளை அள்ளி வீசுகிறார்கள் என்பது மிகை. ஆனால் ஒரே தவறுக்கு ஒருவர் நாற்பது லட்சமும் இன்னொருவர் பூஜ்யமும் பெறலாம் என்ற நிச்சயமின்மை உண்மை.

ஒற்றை இலக்க விதி

பி.எம்.டபிள்யூ. வழக்கு மேல்முறையீட்டில் ஏறியது. பிற மாநில விற்பனைகளுக்கும் சேர்த்து அலபாமா ஜூரி தண்டிக்க முடியாது என்று சொல்லி, மாநில உச்ச நீதிமன்றம் தொகையைப் பாதியாக, 20 லட்சமாகக் குறைத்தது. அப்போதும் அது நட்டத்தைப்போல் 500 மடங்கு. 1996இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் அதையும் ரத்து செய்தது. எந்தச் செயலுக்கு எவ்வளவு தண்டனை வரக்கூடும் என்பது குடிமகனுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அதுவே உரிய சட்ட நடைமுறை என்பது தீர்ப்பின் அடிப்படை. மூன்று வழிகாட்டிகளை நீதிமன்றம் தந்தது: செயல் எவ்வளவு கண்டிக்கத்தக்கது, நட்டத்துக்கும் தண்டனைக்கும் விகிதம் என்ன, இதே செயலுக்குச் சட்டம் விதிக்கும் அபராதம் எவ்வளவு. திரும்ப வந்த வழக்கில் அலபாமா நீதிமன்றம் தொகையை 50,000 டாலராக்கியது.

1996 தீர்ப்புக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்தான், ஒரு நில உரிமைத் தகராறில் 19,000 டாலர் நட்டத்துக்கு ஒரு கோடி டாலர் தண்டனையை, அதாவது 526 மடங்கை, அதே உச்ச நீதிமன்றம் செல்லும் என்றிருந்தது. ஏற்படுத்தத் திட்டமிட்ட நட்டம் பல மடங்கு பெரியது என்பது அங்கே சொல்லப்பட்ட காரணம். அந்த நெகிழ்ச்சி நீடிக்கவில்லை. 2003இல் ‘ஸ்டேட் ஃபார்ம் எதிர் கேம்ப்பெல்’ வழக்கு வந்தது. யூட்டா மாநிலத்தில் 1981இல் நடந்த சாலை விபத்திலிருந்து எழுந்தது அது. காப்பீட்டுத் தொகைக்குள்ளேயே, 50,000 டாலருக்குச் சமரசம் செய்துகொள்ள எதிர்த்தரப்பு முன்வந்தும் காப்பீட்டு நிறுவனம் மறுத்தது. உங்கள் சொத்துக்கு ஆபத்தில்லை என்று தன் வாடிக்கையாளரான தம்பதிக்கு உறுதி சொன்னது. தீர்ப்பு 1,85,849 டாலராக வந்ததும், வீட்டை விற்கப் பலகை மாட்டிக்கொள்ளலாம் என்றார் நிறுவனம் அமர்த்திய வக்கீல். ஜூரி விதித்த தண்டனை 14.5 கோடி டாலர். இறுதியில் நின்ற இழப்பீடு பத்து லட்சம்.

145 மடங்கு ஏற்கத்தக்கதல்ல என்றது உச்ச நீதிமன்றம். ஒற்றை இலக்கத்தைத் தாண்டிய விகிதங்களில் மிகச் சிலவே உரிய சட்ட நடைமுறைக்குப் பொருந்தும் என்று நீதிபதி கென்னடி எழுதினார். நிறுவனத்தின் செல்வ வளம் எல்லை மீறிய தண்டனைக்கு நியாயமாகாது என்றும் சேர்த்துக்கொண்டார். யூட்டா நீதிமன்றம் தொகையை மறுபடி கணக்கிட்டது. விடை: 90,18,780 டாலர் 75 சென்ட். மிகச் சரியாக ஒன்பது மடங்கு. குற்றத்தின் தன்மையை ஆராய்ந்து எட்டிய எண் தற்செயலாக ஒற்றை இலக்கத்தின் உச்சியில் வந்து நிற்காது. மேலே சொன்ன எல்லைக்குள் எவ்வளவு போக முடியுமோ அவ்வளவு போயிருக்கிறார்கள். இதுவும் ஒருவகைத் தன்னிச்சைதான். லண்டன் அச்சுத் தொழிலாளி பெற்ற 300 பவுண்டோ, 20 பவுண்டு நட்டத்துக்குப் பதினைந்து மடங்கு. இந்த முறைமையையே தொடங்கிவைத்த தீர்ப்பு இன்றைய விதிக்குள் அடங்காது.

மூட்டைப்பூச்சி விடுதி

விகிதம் எங்கே தடுக்கி விழுகிறது என்பதை ஸ்டேட் ஃபார்ம் தீர்ப்பு வந்த அதே ஆண்டில் ஒரு சிறு வழக்கு காட்டியது. சிகாகோவில் ‘மோட்டல் 6’ விடுதி ஒன்று. 1998இல் பூச்சிமருந்து நிறுவனம் சில அறைகளில் மூட்டைப்பூச்சியைக் கண்டு, 500 டாலர் கொடுத்தால் எல்லா அறைகளுக்கும் மருந்தடித்துத் தருகிறோம் என்றது. விடுதி மறுத்துவிட்டது. பூச்சிகள் பெருகின. விருந்தினர்கள் கடிபட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்கத் தொடங்கினார்கள். ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு மாற்றப்பட்ட ஒருவர், சற்று நேரத்தில் அங்கேயும் பூச்சியைக் கண்டு மூன்றாவது அறைக்குப் போனார். விடுதியை மூடி மொத்தமாக மருந்தடிக்கலாம் என்று மேலாளர் சொன்ன யோசனையை மேலிடம் நிராகரித்தது. விருந்தினர் கேட்டால் மூட்டைப்பூச்சி என்று சொல்லாதீர்கள், உண்ணி என்று சொல்லுங்கள் என்று வரவேற்பு ஊழியர்களுக்கு உத்தரவு. உண்ணிதான் நோய் பரப்பும் என்பது உத்தரவு போட்டவர்களுக்குத் தோன்றவில்லை. சில அறைகளுக்கு ‘மருந்தடிக்கும்வரை வாடகைக்கு விடாதே’ என்று பதிவேட்டில் குறிப்பு இருந்தது. 2000 நவம்பரில் ஓர் அண்ணன் தங்கைக்குக் கொடுக்கப்பட்டது அப்படிப்பட்ட ஓர் அறை. அன்றிரவு 191 அறைகளில் 190இல் ஆள் இருந்தார்கள்.

ஜூரி ஒவ்வொருவருக்கும் 5,000 டாலர் இழப்பீடும் 1,86,000 டாலர் தண்டனை இழப்பீடும் கொடுத்தது. கூட்டினால் 1,91,000, அறைக்கு ஆயிரம் டாலர் வீதம் ஜூரி கணக்குப் போட்டிருக்கிறது. விகிதம் 37 மடங்குக்கு மேல். ஒற்றை இலக்க விதியை நீட்டிக்கொண்டு நிறுவனம் மேல்முறையீடு செய்தது. நீதிபதி ரிச்சர்ட் போஸ்னர் அதை ஏற்கவில்லை. பூச்சிக்கடியின் நட்டம் சிறியது. அதற்காக வக்கீல் வைத்து வழக்காடுபவர்கள் அரிது. கடிபட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் முணுமுணுத்துவிட்டுப் போய்விடுவார்கள். தவறு செய்பவர் பாதித் தடவைதான் பிடிபடுகிறார் என்றால், பிடிபடும்போது இரு மடங்கு கட்ட வைத்தால்தான் தவறு லாபகரமாக இராது. பொருளியலாளர்கள் பொலின்ஸ்கியும் ஷாவெலும் 1998இல் ஹார்வர்ட் சட்ட இதழில் விரிவாக எழுதியதும் இந்தத் தர்க்கத்தைத்தான்: தப்பிக்கும் வாய்ப்பு எவ்வளவு அதிகமோ, பிடிபடும்போது பெருக்கல் எண் அவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்.

பெயின்டை மறைத்ததும் இதே ரகம். பாலிஷ் கடைக்காரரின் கண்ணில் பட்டிருக்காவிட்டால் மருத்துவருக்கே தெரிந்திராது. ஜூரி தீர்ப்பு வந்த சில நாட்களில், எவ்வளவு சிறிய பழுதாக இருந்தாலும் வாங்குபவரிடம் சொல்லிவிடுவது என்று நாடு முழுவதும் தன் நடைமுறையை மாற்றிக்கொண்டது பி.எம்.டபிள்யூ. 4,000 டாலர் இழப்பீடு மட்டும் வந்திருந்தால் அந்த மாற்றம் நடந்திருக்குமா?

விகித விதி யாருக்குச் சாதகம் என்பது இங்கே விளங்கும். ஒருவருக்குப் பெரிய தீங்கு செய்பவர் ஒன்பது மடங்கு கட்டினாலே நொடித்துப்போவார். லட்சம் பேரிடம் பத்துப் பத்து டாலராகச் சுரண்டும் நிறுவனத்துக்கு ஒன்பது மடங்கு என்பது தொண்ணூறு டாலர். 2007இல் ஒரேகான் மாநிலப் புகையிலை வழக்கில், வழக்கில் இல்லாத பிறருக்கு நேர்ந்த தீங்குக்காக நேரடியாகத் தண்டிக்கக் கூடாது என்றும், ஆனால் செயல் எவ்வளவு கொடியது என்று மதிப்பிட அதைக் கணக்கில் கொள்ளலாம் என்றும் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்த இரண்டையும் ஒரு ஜூரி மனதுக்குள் எப்படிப் பிரித்துவைக்கும் என்பதை இன்றுவரை யாரும் தெளிவாகச் சொல்லவில்லை.

நான்கு நாள் லாபம்

எதிர்முனையில் நிற்பது எக்ஸான் வால்டெஸ் வழக்கு. 1989 மார்ச் 24 அன்று அலாஸ்காவின் பிரின்ஸ் வில்லியம் சவுண்டில் எண்ணெய்க் கப்பல் பாறையில் மோதி 1.1 கோடி காலன் கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது. கப்பல் தலைவர் குடிப்பழக்கத்துக்குச் சிகிச்சை பெற்றவர். மறுபடி குடிக்கத் தொடங்கியிருந்தார். இது மேலதிகாரிகளுக்குத் தெரிந்திருந்தது என்பது வழக்கின் மையம். 1994இல் ஜூரி எக்ஸானுக்கு 500 கோடி டாலர் தண்டனை இழப்பீடு விதித்தது. மேல்முறையீடுகளில் அது 250 கோடியானது. 2008இல் உச்ச நீதிமன்றம், கடல்சார் சட்டத்தில் தண்டனை நட்டத்துக்குச் சமமாக இருந்தால் போதும், ஒன்றுக்கு ஒன்று, என்று சொல்லி 50.75 கோடியாக்கியது. மீனவர்கள் முதலான 32,000க்கும் மேற்பட்ட வாதிகள் பதினான்கு ஆண்டுகள் காத்திருந்து பெற்றது, ஜூரி விதித்ததில் பத்தில் ஒன்று.

இந்த வழக்கில் விகிதத்தைக் குறைத்ததற்கு ஓரளவு நியாயம் உண்டு. எண்ணெய்க் கசிவை ஒளித்துவைக்க முடியாது. தப்பிக்கும் வாய்ப்பு பூஜ்யம். சுத்தம் செய்யவே எக்ஸான் ஏறத்தாழ 210 கோடி டாலர் செலவிட்டிருந்தது. லாபத்துக்காகக் கப்பலை மோதவிட்டதாக யாரும் சொல்லவில்லை. தீர்ப்பை எழுதிய நீதிபதி சூட்டரும் இதையெல்லாம் பேசுகிறார். ஆனால் கடைசியில் அவர் கைகொண்டது, பழைய தீர்ப்புகளில் காணப்பட்ட நடுத்தர விகிதத்தை. தீர்ப்பு வந்த 2008இல் எக்ஸான்மொபிலின் ஆண்டு லாபம் 4,520 கோடி டாலர். வட்டியைத் தவிர்த்தால், அந்தத் தண்டனை நிறுவனத்தின் நான்கு நாள் லாபம்.

மூட்டைப்பூச்சியையும் எண்ணெய்க் கசிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், 37 மடங்கும் நியாயமாக இருக்கலாம், இரண்டு மடங்கும் அதிகமாக இருக்கலாம் என்பது தெரிகிறது. வேறுபடுத்துவது பிரதிவாதி முன்கூட்டிப் போட்ட கணக்கும், அவர் அகப்படும் வாய்ப்பும்.

பணம் யாருக்கு?

நியாயத்தின் இன்னொரு பாதியை உச்ச நீதிமன்றம் தொடவே இல்லை. தண்டனை சமூகத்தின் சார்பில் விதிக்கப்படுகிறது என்றால் அந்தப் பணம் ஏன் ஒரு வாதியின் பையில் விழ வேண்டும்? அலபாமா ஜூரி ஆயிரம் கார்களுக்கு விதித்த தண்டனையை ஒரே கார்க்காரர் பெற்றுக்கொள்வார்; மீதி 999 பேருக்கு ஒன்றுமில்லை. மறுபக்கம், வாதிக்கு எதுவுமே இல்லையென்றால் சிறிய நட்டத்துக்கு வழக்காட யாரும் முன்வர மாட்டார்கள். மூட்டைப்பூச்சி விடுதிகள் நிம்மதியாகத் தொழில் நடத்தும்.

இதற்குச் சில மாநிலங்கள் கண்ட வழி பங்கீடு. ஒரேகானில் தண்டனை இழப்பீட்டில் 70 சதவீதமும், இண்டியானாவில் 75 சதவீதமும் அரசு நிதிகளுக்குப் போகின்றன, மீதி வாதிக்கு. உச்சவரம்பு வைத்த மாநிலங்களும் உண்டு, வர்ஜீனியாவில் 3.5 லட்சம் டாலருக்கு மேல் கிடையாது. உச்சவரம்பு எளிது, ஆனால் அதுவே விலைப்பட்டியல் ஆகிவிடும். அதிகபட்சம் எவ்வளவு என்று தெரிந்த நிறுவனம் அதைச் செலவினத்தில் எழுதிக்கொண்டு தவறைத் தொடரலாம். எழுதிக்கொள்வது உருவகமும் அல்ல. அரசுக்குக் கட்டும் அபராதத்தை அமெரிக்க நிறுவனங்கள் வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது. தொழில் தொடர்பாகத் தனியாருக்குக் கட்டும் தண்டனை இழப்பீட்டைச் செலவாகக் காட்டிக் கழிக்கலாம். தண்டனையில் ஒரு பங்கை வரி கட்டும் பொதுமக்கள் ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதே இதன் பொருள்.

இந்தியாவில்

ஜூரி இல்லாத இந்தியாவிலும் இதே கேள்விகள் எழுந்திருக்கின்றன. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 2002இல் வந்த திருத்தம் தண்டனை இழப்பீடு வழங்கும் அதிகாரத்தை நுகர்வோர் மன்றங்களுக்குத் தந்தது. 2019ஆம் ஆண்டுச் சட்டமும் அதைத் தொடர்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் இந்தியா வழக்கில், ஒரு வாகனத்தைப் பற்றிய தவறான விளம்பரத்துக்காகத் தேசிய நுகர்வோர் ஆணையம் 25 லட்சம் ரூபாய் தண்டனை இழப்பீடு விதித்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மனுவில் அப்படி ஒரு கோரிக்கையே இல்லை, நிறுவனத்துக்கு அதுபற்றி முன்னறிவிப்பும் இல்லை என்பது காரணம். முன்னறிவிப்பு இல்லாத தண்டனை நியாயமல்ல என்ற பி.எம்.டபிள்யூ. தீர்ப்பின் அக்கறைதான் இங்கேயும்.

ஆனால் அளவைக் கணிப்பதில் இந்திய உச்ச நீதிமன்றம் வேறு வழியில் சென்றிருக்கிறது. டெல்லி ஓலியம் வாயுக் கசிவை ஒட்டி எழுந்த எம்.சி. மேத்தா வழக்கில் 1986இல் அது வகுத்த நெறி: அபாயகரமான தொழில் நடத்தும் நிறுவனம் பெரியதும் வளமானதுமாக இருக்குமளவுக்கு இழப்பீடும் பெரிதாக இருக்க வேண்டும், அப்போதுதான் அச்சுறுத்தும். 2013 ஏப்ரலில் தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலை வழக்கில் இந்த நெறி பயன்பட்டது. ஆலையை மூடச் சொன்ன சென்னை உயர் நீதிமன்ற உத்தரவை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், சுற்றுச்சூழலுக்குச் செய்த கேட்டுக்காக 100 கோடி ரூபாய் கட்டச் சொன்னது. ஆலையின் லாபத்தைக் கணக்கில் எடுத்து, இதைவிடக் குறைந்த தொகை பலன் தராது என்றது. பணம் மாவட்ட ஆட்சியரிடம் வைப்பு நிதியாக இருக்க வேண்டும். வட்டியைக் கொண்டு ஆலையைச் சுற்றியுள்ள மண்ணையும் நீரையும் மேம்படுத்த வேண்டும் என்பது உத்தரவு. இது உரிமையியல் வழக்கில் ஜூரி விதிக்கும் தண்டனை இழப்பீடு அல்ல. ஆனாலும் தொகையை எதைக்கொண்டு கணிப்பது, யாரிடம் சேர்ப்பது என்ற இரு கேள்விகளுக்கும் அமெரிக்கத் தீர்ப்புகள் சொல்லாத பதில் இதில் இருக்கிறது. குறையும் இருக்கிறது: மொத்த லாபத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கு, விதிகளை மீறியதால் ஆலை எவ்வளவு மிச்சப்படுத்தியது என்று கேட்கவில்லை.

எது நியாயம்?

தண்டனை இழப்பீட்டை ஒழிக்கச் சொல்பவர்கள், குற்றவியல் சட்டம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று நம்புகிறார்கள். மூட்டைப்பூச்சியை உண்ணி என்று சொல்லச் சொன்னவரை எந்த அரசு வக்கீலும் சிறைக்கு அனுப்பப்போவதில்லை. அப்படியே வைத்துக்கொள்ளச் சொல்பவர்கள், ஒரே தவறுக்கு ஒருவர் அழிவதையும் ஒருவர் தப்புவதையும் கண்டுகொள்வதில்லை. இரண்டு தரப்பும் தவறு.

தண்டிப்பதா வேண்டாமா, செயல் எவ்வளவு கொடியது என்பதை ஜூரி முடிவுசெய்யட்டும். ஆய்வுகள் காட்டுவதுபோல் அதில் மக்கள் ஒன்றுபடுகிறார்கள். அதை டாலராகவோ ரூபாயாகவோ மாற்றும் வேலை நீதிபதியுடையதாக இருக்க வேண்டும். அவரும் காரணங்களை எழுத்தில் தர வேண்டும்: இந்தத் தவறால் பிரதிவாதி சம்பாதித்தது அல்லது மிச்சப்படுத்தியது எவ்வளவு, அகப்படாமல் போகும் வாய்ப்பு எவ்வளவு, இதே தவறுக்கு வேறு நீதிமன்றங்களில் ஏற்கெனவே கட்டியது எவ்வளவு. வாதிக்கு வழக்காடும் ஊக்கம் தரும் அளவுக்குப் பங்கு போக, மீதி அதே தவறால் பாதிக்கப்பட்ட மற்றவர்களுக்கான நிதியில் சேர வேண்டும். வரிக் கழிவு நிறுத்தப்பட வேண்டும்.

இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் தீர்ப்பு நாற்பது மடங்கு விதித்தாலும் நியாயமானதே. பதில் சொல்லாத தீர்ப்பு ஒரு மடங்கு விதித்தாலும் அது வெறும் எண்தான்.